அப்பாவுக்கு எழுதிய தண்டக் கடதாசி

பொலிஸ்காரர் எழுதிக் கொடுக்கும் தண்டக் கடதாசியைக் கிழித்து வீசுவது குற்றம் என்று முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு வீசித்தான் இருப்பேன். என் கோபம் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அப்போது நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடை முதலாளியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கல். அம்மா கடுகண்ணாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்தாள். அப்பா செத்துப் பல வருடம். முதலாளி முஸ்லிம் ஆள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் மூன்று முறை சொல்லிக் காட்டாமல் செய்யமாட்டார்.

அந்த மாதம்தான் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சாரதி வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. ஆறு வாரம் தவணை. சாரதி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி இல்லாமல் வருபவர்கள் உள்ளே எடுக்கப்படமாட்டார்கள் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். எங்கள் லயத்தில் அதுவரை ஒருவரும் பென்ஷன் உள்ள வேலைக்குப் போனதில்லை. அந்தக் கடிதத்தை நான் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வியர்வையில் மை கலைந்துவிடும் என்று நானா சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் வைத்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அடுத்த வாரமே நடந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு லொறியை முந்தினேன். முந்தியது என் பிழை, அதில் வாதமில்லை. வளைவுக்கு அப்பால் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மீசை அரும்பி அதிக நாளாகாத ஆள். லைசனை வாங்கிக்கொண்டு புத்தகத்தை வேனின் முன்பக்கத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

எங்கள் நாட்டில் நடைமுறை இதுதான். பிழை செய்தவனின் லைசனைப் பொலிஸ் எடுத்துக்கொள்ளும். பதிலுக்குத் தண்டக் கடதாசி ஒன்றை எழுதிக் கொடுக்கும். சிங்களத்தில் 'தட கொலே' என்பார்கள், எங்கள் ஆட்களும் அப்படியேதான் சொல்வார்கள். பதினான்கு நாளைக்கு அந்தக் கடதாசிதான் லைசன். அதற்குள் தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸில் காட்டினால் லைசன் திரும்பி வரும். சுலபமான வேலை. எல்லாருக்கும் சுலபமாக நடக்கிற வேலை.

அவர் நீட்டிய கடதாசியை வாசித்தேன். பெயர் எழுதும் இடத்தில் என் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. எனக்குக் கிடைத்திருந்தது அதன் பின்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். லைசனில் அப்பா பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருக்கும். எங்கள் ஆட்கள் எல்லாருடையதும் அப்படித்தான். அவருக்கு அது தெரியாது. முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் நிற்பது வம்சப் பெயர் என்று நினைத்து, அப்பாவைக் குற்றவாளியாக்கி, மகனை அவருக்கு இனிஷலாக வைத்துவிட்டார்.

சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். எனக்கு முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கடதாசியில் ஒரு எழுத்து பிழைத்தால் ஒரு தலைமுறை அலையவேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று மூன்று பெயர்களோடு கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றவர்களை எண்ண முடியாது. நேர்முகப் பரீட்சை வேறு இருக்கிறது. "ராலாமி, இது என் பெயரில்லை, அப்பாவின் பெயர்" என்றேன். நாங்கள் பேசியது சிங்களத்தில், ராலாமி என்பது பொலிஸ்காரருக்கான மரியாதை.

அவர் லைசனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பாவின் லைசனிலா ஓட்டுகிறாய்?" என்று கேட்டார்.

அவருக்கு அதை விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் போனது. பின்னால் இன்னும் இரண்டு வண்டிகளை மறித்து வைத்திருந்தார், மழை வேறு தூறத் தொடங்கியது. கடைசியில் எரிச்சலோடு புதிய கடதாசி ஒன்றை எழுதினார். அதில் என் பெயர் என் இடத்தில் இருந்தது. பழையதையும் என் கையிலேயே திணித்து, "இதை வீசிவிடு" என்றார்.

அவர் முறைத்ததற்கும் நான் நனைந்ததற்கும் சேர்த்து அந்தக் கடதாசியை நாலாகக் கிழித்தேன். வீதியோரக் கானில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் போட்டேன். வென்றுவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை விசிலடித்துக்கொண்டுதான் வந்தேன்.

மூன்றாம் நாள் தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட் இருந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு, எந்தக் கடதாசியையும் விரலை எச்சில்படுத்தாமல் புரட்டமாட்டார். பெட்டியிலிருந்து என் லைசனை எடுத்தார். அது ஒரு பிரதியோடு ஊசி குத்தப்பட்டிருந்தது. அந்தப் பிரதி அப்பாவின் பெயரில் இருந்தது.

"இது வேறு ஆள்" என்றார்.

பொலிஸ்காரர் பிழையாக எழுதியதையும், பிறகு திருத்தி எழுதியதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிழையாக எழுதிய கடதாசிக்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். குறுக்கே கோடு போட்டு, இரத்து என்று எழுதி, எல்லாப் பிரதிகளையும் புத்தகத்திலேயே சேர்த்துக் குத்தி வைக்கவேண்டும். ஒவ்வொரு கடதாசிக்கும் இலக்கம் உண்டு. ஒன்று குறைந்தாலும் எழுதியவர் பதில் சொல்லவேண்டும். "மேல் பிரதியைக் கொண்டுவா. இரத்து செய்துவிட்டு லைசனைத் தருகிறேன்."

"அதை வீசச் சொன்னார், சேர். வீசிவிட்டேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அரசாங்கக் கடதாசியை வீச அவருக்கும் உரிமை இல்லை, உனக்கும் இல்லை. அது குற்றம், மல்லி" என்றார், தம்பி என்று கூப்பிடுவதுபோல.

"அவரையே கேளுங்கள், சேர்."

"அவர் மாற்றலாகிக் கிழக்குக்குப் போய்விட்டார். நேற்று."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் ஊரில் இல்லை. சார்ஜன்ட்டின் கணக்கு நேரானது. இரண்டு கடதாசி, இரண்டு பெயர், ஆகவே இரண்டு ஆள். ஒருவன் கட்டிவிட்டான், மற்றவன் கட்டவில்லை. லைசன் கட்டாதவனுடைய பிரதியோடு இருக்கிறது. கட்டாதவனுக்காக நானே கட்டிவிடுகிறேன் என்றேன். கட்டுவதற்கும் அந்த மேல் பிரதி வேண்டுமாம்.

திரும்பும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கானுக்குள் இறங்கித் தேடினேன். முழங்கால்வரை சேறு. சோடா மூடி, பலாக்கொட்டை, யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடைத்தன. தண்டக் கடதாசி மட்டும் கிடைக்கவில்லை. மூன்று நாள் மழை அதை மகாவலிவரை கொண்டுபோயிருக்கும். மேலே வீதியில் போன பஸ்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் போகாத நாளில்லை. காலையில் போனால் சார்ஜன்ட் நீதிமன்றத்தில் இருப்பார். பின்னேரம் போனால் பெருமாளுக்குக் கும்பிடு போடுவது மாதிரி வாசலில் நின்றுவிட்டு வரவேண்டும். கிழக்குக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கிழக்குக்குப் போன பொலிஸ்காரருக்குக் கடுகண்ணாவையில் முந்திய வேன்தானா நினைவில் நிற்கும்? பதினான்கு நாளும் முடிந்தது. கையிலிருந்த கடதாசிக்கும் உயிர் போனது. வேனில் ஏற முடியாது. நானா வேறொரு சாரதியைப் போட்டுவிட்டு என்னைக் கடையில் துணி மடிக்க வைத்தார்.

"ஒங்கட வாப்பாட பேர எழுதினா எழுதினதுதான். நீங்க வாய மூடிட்டு ஈந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லதானே, தம்பி" என்றார்.

"ஆமா நானா."

"வாய மூடிட்டு ஈந்திருக்கணும்" என்று மறுநாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் சொன்னார். அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தபோது அம்மா கடைக்கு வந்தாள். அவள் சொல்லாமல் வருகிறவள் இல்லை. பாலத்தடிச் சோதனைச் சாவடிக்குப் பயந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமே வரமாட்டாள். அன்றைக்குப் பொட்டு வைத்து, திருவிழாச் சேலை கட்டி, கையில் பொலித்தீன் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். பைக்குள் ஒரு பழுப்பு உறை. அரசாங்க முத்திரை குத்திய உறை. அதன் மூலையில் விபூதி அப்பியிருந்தது.

"தம்பி, ஒங்கப்பாவுக்குப் பதில் வந்துருச்சுப்பா" என்றாள்.

எந்தப் பதில் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு தடவை தோட்டத்துக் கிளாக்கரைக் கொண்டு, ஒரு தடவை கண்டியில் ஒரு பெட்டிஷன்காரரைக் கொண்டு. இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், இந்த நாட்டு ஆள் என்று ஒரு கடதாசிக்காகக் கடைசிவரை காத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துத் தப்பால்காரரை மறித்து, "நமக்கு ஏதும் இருக்குங்களா?" என்று கேட்காமல் அவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனதில்லை. அவர் செத்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்குச் சத்தியக்கடதாசி ஒன்றை முடித்துக் கொடுத்தாலே பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் கிடைத்தது அப்படித்தான். அப்பாவின் விண்ணப்பம் இன்னும் எங்கேயோ ஒரு கந்தோரில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அம்மா உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அன்றுவரை தெரியாது.

உறையை அவள் பிரிக்கவில்லை. அப்பாவின் பெயரை மட்டும் தப்பால்காரர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் சாமி படத்தடியில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்.

பிரித்தேன். லைசனில் இருந்த தோட்டத்து விலாசத்துக்கே அனுப்பியிருந்தார்கள். தண்டம் கட்டாததற்காக அப்பா நீதிமன்றத்துக்கு வரவேண்டும், வராவிட்டால் பிடியாணை என்று இருந்தது. அரசாங்கம் என் அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதம் அது.

எனக்கு அழுகை வரவில்லை. அந்த உறையை யார் முகத்திலாவது எறியவேண்டும் போலிருந்தது, எறிய ஒரு முகம் இல்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளதைச் சொன்னேன். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதற்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

"அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதேப்பா" என்றாள்.

கதிரையில் உட்கார்ந்தாள். நானா தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, எதையும் சொல்லிக் காட்டாமல் உள்ளே போனார். குடித்து முடித்த பிறகு அம்மா கேட்டாள். "இதுக்குப் பதில் எழுதணுமா?"

"எழுதணும்."

"மரியாதயா எழுது. ஒங்கப்பா பேருக்கு வந்த கடுதாசி."

அப்பாவின் மரணச் சான்றிதழை அலுமாரியிலிருந்து எடுத்துத் தரச்சொல்லி அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் அதையும் பழுப்பு உறையையும் எடுத்துக்கொண்டு சார்ஜன்ட் முன்னால் போய் நின்றேன். செத்தவரை எந்தச் சட்டத்தாலும் கூப்பிட முடியாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சார்ஜன்ட் விரலை எச்சில்படுத்திச் சான்றிதழைப் புரட்டினார். தண்டக் கடதாசியின் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். சான்றிதழில் அப்பா பெயரின் நடுவே ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. தோட்டத்துக் கிளாக்கர் சொன்னபடி யாரோ எழுதியது. நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. செத்த துக்கத்தில் யார் எழுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள்?

"செத்தது வேறு ஆள்" என்றார் சார்ஜன்ட்.

அப்போது எனக்கு வாயில் வந்ததையெல்லாம் தமிழில் சொன்னேன். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. குரல் மட்டும் விளங்கியிருக்கவேண்டும். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். எப்போது நேர்முகப் பரீட்சை என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

"ஒரு வழி இருக்கிறது" என்றார். "நான் ஒரு வாக்குமூலம் எழுதுகிறேன், நீ கையெழுத்துப் போடு. இந்த முகவரியில் இந்தப் பெயரில் ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான். அதை வைத்து நான் கடதாசியை இரத்து செய்துவிடுவேன், மேல் பிரதி இல்லாவிட்டாலும்."

"இறந்துவிட்டார் என்று எழுதுங்கள், சேர். அதுதானே உண்மை."

பேனாவை மேசையில் வைத்தார். "நெத்தி உனா என்று எழுதினால் ஓர் ஆள் இருந்தான் என்று ஆகிறது. ஆள் இருந்தால் வழக்கு இருக்கும். எப்போது இறந்தான், சான்றிதழில் ஏன் வேறு பெயர் என்று மேலே கேட்பார்கள். இன்னும் மூன்று மாதம் போகும். நே என்று எழுதினால் முடிந்தது. ஆளும் இல்லை, வழக்கும் இல்லை."

சிங்களத்தில் அவை இரண்டு சொல். செத்துப்போனவருக்கு ஒன்று, இல்லவே இல்லாதவருக்கு ஒன்று. அவர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தப் பெயருடைய எவரும் அந்தத் தோட்டத்தில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று திருத்தமாக எழுதியிருந்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அப்பாவின் பெயரை இவ்வளவு சரியாக எந்தக் கந்தோரிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அப்பாவின் முதல் எழுத்தோடுதான் தொடங்கும், வேறு மாதிரிப் போட எனக்கு வராது. சார்ஜன்ட் அதைப் பார்க்கவில்லை. ஊசியைக் கழற்றி லைசனைத் தந்தார். பழுப்பு உறையையும் வைத்துக்கொண்டார், வழக்குக் கோவையில் சேர்க்கவேண்டுமாம். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அந்தக் கடதாசியைக் கானில் போட்டபோது அப்பாவின் பெயரை நானே நாலாகக் கிழித்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு எவரையும் குறை சொல்ல முடியாது.

நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்டவர் லைசனைக் கையில்கூட எடுக்கவில்லை. மேசையில் வைத்ததை எட்டிப் பார்த்துவிட்டு, சரி, எடுங்கள் என்றார். வேலை கிடைத்தது. பிறகு பல வருடம் அந்த ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டினேன், பென்ஷனும் இன்றுவரை வருகிறது.

நேர்முகப் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே குந்திக்கொண்டாள்.

"அப்பா கடுதாசிக்குப் பதில் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னான்னு எழுதுன?"

"அப்பா இல்லேன்னு எழுதிக் குடுத்தேன்."

அம்மா தலையாட்டினாள். "இல்லதானே. உள்ளதத்தான எழுதணும்."

நான் சோற்றைப் பிசைந்தேன். எங்கள் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

"செத்த நாளயும் போட்டியா? ஒனக்குச் சரியா ஞாபகம் இருக்காதே" என்று கேட்டுவிட்டு, மாதத்தையும் தேதியையும் கிழமையையும் அவளே சொன்னாள். மழை பெய்த நாள் என்றும் சொன்னாள்.

"அப்படியேதாம்மா போட்டிருக்கேன்" என்றேன்.